சட்டைப்பையில் ஒரு மடக்குக்கத்தி: வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மடக்குக்கத்தியைத் தினமும் பையில் வைத்துப் புழங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் கத்தி வாங்கப் போகிறவர்களும், வாங்கிச் சில மாதத்தில் குழப்பத்தில் நிற்பவர்களும் கேட்கும் கேள்விகளே இவை. பதில்கள் என் புழக்கத்திலிருந்தும், பல வருடமாக இந்தக் கத்திகளை வைத்திருக்கும் நண்பர்களின் அனுபவத்திலிருந்தும் வந்தவை. எனக்கென்று ஒரு தீர்மானமான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஃகின் பெயரைவிட அலகு எவ்வளவு மெல்லியது என்பதும், அதை உங்களால் தீட்ட முடிகிறதா என்பதும்தான் பெரிது.

வீட்டில்தான் கத்தி இருக்கிறதே, பையில் வேறு எதற்கு?

வேலை வரும் இடத்தில் வீட்டுக் கத்தி இருப்பதில்லை. கூரியர் பெட்டியின் டேப், அரிசி மூட்டையின் தையல் நூல், பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, பேருந்துப் பயணத்தில் வாங்கிய கொய்யா, பிள்ளையின் பென்சில் என்று எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். பல்லாலும் சாவியாலும் செய்துகொண்டிருந்ததைக் கத்தியால் செய்யத் தொடங்கியபின் திரும்பப் போக மனம் வராது. கத்தி இல்லாமல் வெளியே போய்விட்டால் அன்றைக்குப் பார்த்து நாலு தடவை கை பையைத் தேடும்.

தரமான கத்தி என்று எதை வைத்துச் சொல்வது?

கடையில் கையில் எடுத்தால் ஒரு நிமிடத்தில் பாதி தெரிந்துவிடும். மடக்கிய நிலையில் அலகு கைப்பிடியின் நடுவில் உட்கார வேண்டும், ஒரு பக்கச் சுவரை உரசக்கூடாது. திறந்தபின் அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. திறக்கும்போதும் மடக்கும்போதும் சத்தம் தெளிவாக, ஒரே மாதிரி வர வேண்டும். உலோகமும் கைப்பிடித் தகடும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டக்கூடாது.

மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாது. அது எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்திய விதம். ஒரே எஃகு ஒரு நிறுவனத்தின் கையில் நன்றாகவும் இன்னொன்றின் கையில் சுமாராகவும் வரும். அதனால்தான் பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கச் சொல்கிறோம்.

முதல் கத்தியாக எதை வாங்கலாம்?

என் பதில் இரண்டே பெயர்கள். ஒன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், மற்றது பிரான்சின் ஓபினெல் 8ஆம் எண்.

விக்டோரினாக்ஸை 1884இல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் பட்டறையாகத் தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த சிவப்புக் கத்தியின் மூலவடிவம் 1897இல் வந்தது. ஆனால் தினசரிப் புழக்கத்துக்கு நான் சொல்வது பத்துப் பதினைந்து கருவி உள்ள தடிமனான மாதிரிகளை அல்ல. அலுமினியத் தகடு போட்ட கேடட் அல்லது பயனீர். கேடட் மடக்கினால் 84 மில்லிமீட்டர் நீளம், எடை 50 கிராமுக்கும் கீழே. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. பயனீர் 93 மில்லிமீட்டர், அலகு கொஞ்சம் உறுதி, தோலிலும் சாக்கிலும் துளை போடக் குத்தூசி ஒன்றும் இருக்கிறது. கருவி நிறைந்த பெரிய மாதிரியை ஆசையாக வாங்கியவர்களில் பலர் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டுக் கேடட்டுக்கு மாறிவிட்டார்கள்.

ஓபினெல் வேறு ஜாதி. பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் ஜோசப் ஓபினெல் செய்தது, இன்றும் ஏறக்குறைய அதே வடிவம். ஒரு மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம். திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் அந்தப் பூட்டு வளையம் மட்டும் 1955இல் சேர்ந்தது. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், தடிமன் சுமார் 1.7 மில்லிமீட்டர்தான். பழமும் காயும் ரொட்டியும் வெட்ட இதைவிடப் பல மடங்கு விலையுள்ள கத்திகள்கூட இதற்குப் பக்கத்தில் வர முடியாது. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஓபினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது. கத்தி கெட்டுவிட்டதா?

இல்லை. கைப்பிடி பீச் (beech) என்ற ஐரோப்பிய மரம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் உப்பும், அலகைக் கவ்விக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை வந்தால் இந்தப் புகார் தவறாமல் வரும். நகத்தைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, அலகு வெளியே வரும் பக்கத்தில் விரல் இல்லாதபடி பிடித்து, கைப்பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் லேசாகத் தட்டினால் அலகு அரைவிரல் அளவு வெளியே வரும். சவோய்க்காரர்களே இப்படித்தான் திறப்பார்கள், அவர்கள் ஊரிலும் மழை உண்டு.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், மழைக்கு முன்பு வெயில் காலத்தில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அலகு உட்காரும் பள்ளத்திலும் ஆணி இருக்கும் மூட்டிலும் வாசலினையோ உருக்கிய மெழுகையோ தேயுங்கள். மரம் ஈரம் குடிப்பது வெகுவாகக் குறையும். சிலர் பள்ளத்தின் உள்சுவரை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து அகலப்படுத்துவார்கள். அதை மழைக்காலத்தில் செய்தால் கோடையில் அலகு லொடலொடவென்று ஆடும். பொறுமையாக மெழுகு வழியிலேயே போங்கள். தண்ணீர்ப் பக்கம் அதிகம் போகிறவர்களுக்கு ஓபினெலே பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட மாதிரியும் செய்கிறது.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கடலோரத்தில் இருப்பவர், வியர்வை அதிகம் வருபவர், கத்தியைத் துடைக்கச் சோம்பல்படுபவர் எல்லோருக்கும் ஸ்டெயின்லெஸ். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கார்பன் எஃகின் சுகம் வேறு. கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். ஆனால் புது அலகால் ஒரு பச்சை மாங்காயை வெட்டிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே வைத்துப் பாருங்கள். பளபளத்த அலகில் சாம்பலும் நீலமும் கலந்த திட்டுகள் படர்ந்திருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துபோய் ஸ்க்ரப்பர் எடுப்பார்கள். வேண்டாம். அது அமிலம் பட்டு உண்டாகும் படலம், சிவப்புத் துரு அல்ல. அந்தப் படலம் சீராகப் பரவியபின் சிவப்புத் துரு பிடிப்பது குறையும். நான் புதுக் கார்பன் அலகை வேண்டுமென்றே எலுமிச்சையிலும் மாங்காயிலும் பழக்குவேன். அதன்பின் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசினால் போதும். உணவு வெட்டும் கத்திக்கு மெஷின் எண்ணெயைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முதல் சில வாரங்களுக்குப் பழத்தில் லேசாக இரும்பு வாடை இருக்கும். அது பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

விக்டோரினாக்ஸ் எஃகு மெத்தென்று இருக்கிறது, சீக்கிரம் மழுங்குகிறது என்கிறார்களே?

ராக்வெல் சி அளவில் சுமார் 56 கடினம். இன்றைய விலையுயர்ந்த கத்திகள் 60க்கு மேல் போகின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் குறைவுதான். ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவு. இந்த எஃகு உடையாது, சில்லுப் பெயராது, துருப்பிடிப்பது அபூர்வம், ரயிலில் கிடைத்த பீங்கான் கோப்பையின் சொரசொரப்பான அடிப்பாகத்தில் தேய்த்தால்கூடக் கூர் வரும். அட்டைப்பெட்டி நிறைய வெட்டுகிறவர்கள் வாரத்துக்கொரு முறை தீட்ட வேண்டியிருக்கும். தீட்டுவது இரண்டு நிமிட வேலை என்றால் அது குறையா?

அப்படியானால் விஜி-10, எஸ்30வி என்றெல்லாம் சொல்கிறார்களே, அதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்லை. விஜி-10 ஜப்பானின் டகேஃபு நிறுவனத்தின் எஃகு, சமையல் கத்திகளிலும் புகழ்பெற்றது. எஸ்30வி அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001இல் கத்திக்கென்றே உருவாக்கிய தூள் உலோக எஃகு, அதாவது தூளாக்கி அழுத்திச் சேர்த்த எஃகு. இதில் வனேடியம் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் நுண்ணியதாகப் பரவியிருக்கும். அவை தேய்மானத்தைத் தாங்கும். அட்டையும் கயிறும் வெட்டும்போது கூர் நீடிக்கும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் வெட்டுவது எஃகின் பெயர் அல்ல, அலகின் வடிவம். ஒரு ஆப்பிளை எடுத்து 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள முரட்டு மடக்குக்கத்தியால் வெட்டுங்கள். பாதி தூரம் போனதும் 'டக்'கென்று பழம் பிளக்கும். கத்தி வெட்டவில்லை, ஆப்பு மாதிரி பிளந்தது. அதே ஆப்பிளில் ஓபினெலை வையுங்கள், சத்தமில்லாமல் கீழே போய் நிற்கும். முன்னதில் ஆயிரம் பெருமைகள் உள்ள எஃகு, பின்னதில் நூறு வருடப் பழைய வகை எஃகு.

கத்திகளின் வெட்டும் திறனை அளக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காட்ரா என்ற ஆய்வு நிறுவனம் ஒரு எந்திரம் வைத்திருக்கிறது. மணல் துகள் கலந்த அட்டைகளைக் கத்தி எவ்வளவு வெட்டுகிறது என்று அது அளக்கும். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் அந்த எந்திர முறையில் பல எஃகுகளைச் சோதித்து எழுதியிருக்கிறார். எஃகை மாற்றுவதைப் போலவே, கூர் விளிம்பின் கோணத்தைக் குறைப்பதும் வெட்டும் ஆயுளைப் பெரிய அளவில் கூட்டுகிறது என்பது அதில் தெளிவு. எஃகை மாற்றக் காசு வேண்டும். கோணத்தைக் குறைக்க ஒரு கல் போதும். இணையத்தில் எஃகின் பெயரை வைத்து நடக்கும் சண்டைகளில் இந்த ஒரு விஷயம் காணாமல் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பூட்டு அவசியமா?

பழம், பெட்டி, நூல் வெட்டுகிறவருக்கு அவசியமில்லை. கேடட், பயனீர் மாதிரிகளில் பூட்டு கிடையாது, முதுகு வில் மட்டுமே அலகைப் பிடித்திருக்கும். கூர் பக்கமாக மட்டும் அழுத்தினால் ஆபத்தில்லை. நுனியால் குத்தித் திருகும்போதுதான் அலகு திரும்பி விரலில் மடங்கும். மரத்தில் துளை போடுவது மாதிரி வேலை உங்களுக்கு அடிக்கடி வருமென்றால் பூட்டு வைத்தது வாங்குங்கள்.

வாங்கினாலும் பூட்டின்மேல் முழுப் பாரத்தையும் போடாதீர்கள். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் அழுத்தி விரலைக் கிழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பூட்டு உட்காரும் இடத்தில் பைத்தூசி அடைத்திருந்தால் எந்தப் பூட்டும் நழுவும்.

பக், ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட், செபென்சா எல்லாம் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பக் 110 அமெரிக்காவில் 1964இல் வந்தது. பித்தளையும் மரமும் சேர்ந்த அழகான கத்தி, கைப்பிடியின் முதுகை அழுத்தி விடுவிக்கும் முதுகுப் பூட்டு. வைத்திருப்பவர்கள் அதை நேசிக்கிறார்கள், ஆனால் பையில் வைப்பதில்லை. எடை சுமார் 200 கிராம், வேட்டியோ காற்சட்டையோ இழுத்துக்கொண்டு போகும். இடுப்பு வாரில் உறை போட்டு வைக்க வேண்டிய கத்தி அது.

ஸ்பைடர்கோ கொலராடோ மாநிலத்து நிறுவனம். அலகில் வட்டத் துளை போட்டு ஒரே கையால் திறக்கும் வழியையும், பை ஓரத்தில் மாட்டும் கிளிப்பையும் 1981இல் கொண்டுவந்து மொத்தத் தொழிலையும் மாற்றியவர்கள். அவர்களுடைய டெலிகா ஜப்பானின் செகி நகரத்தில் தயாராகிறது. ஒரு கையில் பொருளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்க வேண்டிய தொழில் செய்பவர்களுக்கு, எலக்ட்ரீஷியன், கிடங்கு வேலைக்காரர் மாதிரி, நான் முதலில் சொல்வது இதைத்தான். பார்க்க லட்சணமில்லை என்று முதலில் முகம் சுளித்தவர்கள்கூட அந்தத் துளைக்குப் பழகியபின் விடுவதில்லை.

பெஞ்ச்மேட் பக்அவுட்டின் எடை சுமார் 52 கிராம்தான். இவ்வளவு பெரிய அலகுக்கு இந்த எடை ஆச்சரியம். கைப்பிடியை அழுத்தினால் லேசாக வளைகிறது என்பது பலருடைய புகார். புழக்கத்தில் அது வேலையைக் கெடுத்து நான் பார்த்ததில்லை.

செபென்சா தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போன கிறிஸ் ரீவின் கத்தி. டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பகுதியே பூட்டாக மாறும் அமைப்பை அவர்தான் பிரபலப்படுத்தினார். விலை 400 டாலருக்கு மேல், இங்கே வரும்போது சுங்கவரியும் சேரும். வைத்திருப்பவர்கள் ஒருவர்கூட விற்க விரும்புவதில்லை, அவ்வளவு துல்லியமான வேலைப்பாடு. ஆனால் விலைக்கேற்றபடி பத்து மடங்கு நன்றாக வெட்டுமா என்று கேட்டால், வெட்டாது. வேலைப்பாட்டுக்கான விலை அது. அந்த ரசனை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

வீட்டிலேயே எப்படித் தீட்டுவது?

சொரசொரப்பு அளவில் 1000 எண் உள்ள தீட்டுக்கல் ஒன்று வாங்குங்கள். கைப்பிடி போட்டு இழுக்கும் மலிவான சாணைக் கருவிகள் கூர் விளிம்பைப் பிய்த்தெடுக்கும், அவை வேண்டாம்.

கோணம்தான் எல்லோருக்கும் பயம். கணக்கு எளிது. அலகின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தூக்கினால் 15 டிகிரி. 7 மில்லிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் தினசரிக் கத்திக்குச் சரி. கூர் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முழுக்க அழிந்தால் கோணம் சரி. மேல்பகுதியில் மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். கூர் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்குக் குறுக்காக மெல்லத் தள்ளினால் ஓரத்தில் சொரசொரவென்று தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அந்தப் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பாதிப்பேர் இந்த இடத்துக்கு வருமுன்பே பக்கம் மாற்றிவிடுகிறார்கள், அதனால்தான் எவ்வளவு தேய்த்தும் கூர் வருவதில்லை. அப்புறம் மறுபக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறைக் குறைத்து, பழைய தோல் வாரின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி இழுங்கள். செய்தித்தாளை ஓரத்திலிருந்து தடங்கலில்லாமல் வெட்டினால் முடிந்தது வேலை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் தாராளமாக. மடக்குக்கத்திக்கு வேண்டாம். சக்கரம் வேகமாகச் சுற்றும், தண்ணீர் இல்லாவிட்டால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிப் பதம் இழக்கும். விளிம்பில் நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் இனிக் கூர் தாங்காது.

எப்படிச் சுத்தம் செய்வது?

விக்டோரினாக்ஸ் மாதிரிக் கத்திகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி, நாலைந்து முறை திறந்து மடக்கி, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மரக் கைப்பிடியைத் தண்ணீரில் முக்கக்கூடாது, ஈரத்துணி போதும். திருகு போட்ட கத்திகளைப் பிரிக்குமுன் உத்தரவாத விதிகளைப் பாருங்கள். பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் உரிமம் தேவைப்படும் ஆயுத வகையில் வருகின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்காகச் செய்யப்பட்டவை அதில் சேராது. நாம் பேசும் கத்திகள் அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் பட்டனோ வில்லோ தட்டினால் தானாகப் பாய்ந்து திறக்கும் கத்திகள் விஷயம் வேறு. தில்லியில் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டிய அந்த வகைக் கத்திகளுக்கு 1980ஆம் ஆண்டு அறிவிப்பின்படி கட்டுப்பாடு இருக்கிறது. அவற்றை எந்த ஊரிலும் வாங்காதீர்கள் என்பதே என் அறிவுரை.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பையில் வைக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி மட்டுமே. ஓபினெல் 8 நீளத்தாலும் பூட்டு வளையத்தாலும் அதில் சேராது, கேடட் சேரும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிக் கொண்டுசெல்ல 2008 முதல் தடை.

விமானத்தில்?

கைப்பையில் வேண்டாம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவே பையிலிருந்து எடுத்துவிடுங்கள், சோதனையில் போன கத்தி திரும்ப வராது.

தற்காப்புக்கு உதவுமா?

உதவாது. அந்த எண்ணத்தோடு கத்தி வாங்காதீர்கள். வம்பு வந்தால் விலகிப் போங்கள், போலீஸில் சொல்லுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்கக் கத்திகளுக்குப் போலி மிக அதிகம். பாதி விலையில் கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலகின் அடியில் உள்ள எழுத்துப் பொறிப்பு மங்கலாக இருக்கும், பெட்டியும் காகிதமும் மட்டும் அசலைப் போலவே இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் யார் என்று நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குழந்தைக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

வயதைவிட, சொன்னதைக் கேட்கும் பக்குவம் முக்கியம். நுனி உருண்டையாக இருக்கும் சிறுவர் மாதிரிகளை விக்டோரினாக்ஸும் ஓபினெலும் செய்கின்றன. உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், உடம்பை விட்டு வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும், வெட்டி முடித்ததும் மடக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும்.

நான் இடதுகைக்காரன். எதை வாங்குவது?

நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் பெரும்பாலான கத்திகளில் வலதுகைக்காரருக்கு வசதியான பக்கத்தில்தான் இருக்கும். ஓபினெல் 8இல் இடதுகைக்காரருக்கென்றே தனி மாதிரி உண்டு, கேட்டு வாங்குங்கள். டெலிகாவின் வட்டத் துளையும் முதுகுப் பூட்டும் இரண்டு கைக்கும் ஒன்றுதான், கிளிப்பையும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பெஞ்ச்மேட்டின் குறுக்குக் கம்பிப் பூட்டும் அப்படியே. கைப்பிடிக்குள் ஒரு தகடு விலகிப் பூட்டும் வகைகள் பெரும்பாலும் வலதுகைக்காகச் செய்தவை, இடதுகையால் மடக்கும்போது விரல் அலகின் பாதையில் வரும். அவற்றைக் கையில் எடுத்துத் திறந்து மடக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.